சாவியை எடுக்காமல் திறக்கும் கார்

பழைய எஸ்யூவி ஒன்று வாங்குவதற்கு என் மாப்பிள்ளை மூன்று மாதமாக அலைந்துகொண்டிருக்கிறார். கனடாவில், டொரோண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில், மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருக்கும் எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் அந்த அலைச்சலில் பாதியில் நானும் இருக்கிறேன். "மாமா முப்பத்துநாலு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் பார்த்தவர்" என்று வண்டி விற்பவர்களிடம் என்னை அறிமுகம் செய்கிறார். அப்போது அவர்கள் முகம் லேசாக மாறுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வண்டியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. சாவியைப் பற்றித்தான். சாவி சட்டைப் பையிலேயே இருக்க, கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் இஞ்சின் கிளம்பும். இதை வசதி என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவர் இதை ஒரு குறையாகக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் விலை பேச வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் இந்தக் கட்சிக்கு ஆதரவு குறைவு. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவர் பார்த்து வைத்திருப்பது 2018-ஆம் வருட ஜீப் கிராண்ட் செரோக்கி எஸ்.ஆர்.டி. எட்டு சிலிண்டர், 6.4 லிட்டர், 475 குதிரைசக்தி. சுமார் 2,300 கிலோ எடையுள்ள அந்த வண்டி நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். நான் பதினேழு வருடம் ஓட்டிய பத்மினியின் இஞ்சின் 1,089 சி.சி. அதில் நூறைத் தொடுவது என்பது ஒரு குடும்பத் தீர்மானம். எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தயாராக வேண்டும். "சத்தத்தைக் கேளுங்க மாமா" என்று மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் ஆசைப்படுகிறார், அதைக் கெடுக்க நான் யார்?

ஆனால் அவருக்குப் பிடித்த அதே காரணங்களுக்காக அந்த வண்டி இன்னும் சிலருக்கும் பிடிக்கும்.

இந்தச் சாவியில்லாப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் என் பயம் புரியும். கைப்பிடியைத் தொட்டதும் வண்டி ஒரு மெல்லிய ரேடியோ அலையில் "நீ இருக்கிறாயா?" என்று கேட்கும். அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டர் தாண்டிக் கேட்காது. பையில் இருக்கும் சாவிக்கு அது கேட்டால், சாவி வேறொரு அலையில் ரகசிய எண்ணோடு "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். ரகசிய எண் ஒவ்வொரு தடவையும் மாறும். அதை உடைப்பது கஷ்டம். திருடன் அதை உடைக்கப்போவதே இல்லை. இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான், இன்னொருவன் வீட்டு வாசலில் ஒரு பையைத் தூக்கிப் பிடிக்கிறான். கார் மெல்லக் கேட்ட கேள்வியை முதல் ஆள் வாங்கி இரண்டாம் ஆளுக்கு அனுப்ப, அவன் பை அதைச் சுவருக்கு அப்பால் கோட் ஸ்டாண்டில் தொங்கும் சாவிக்கு உரக்கச் சொல்கிறது. சாவி உண்மையான பதிலையே சொல்கிறது. கார் அதை நம்புகிறது. குரல் கேட்டால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைக்கும் காவல்காரனை ஏமாற்றுவது போலத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-லேயே எட்டு நிறுவனங்களின் பத்து மாடல் கார்களை இப்படிச் சோதித்து, பத்தும் ஏமாறுகின்றன என்று கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு ஏழு வருடம் கழித்து வந்த வண்டியைத்தான் நாங்கள் விலை பேசுகிறோம்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி மே மாதம் ஒரு வண்டி போனது. அவர்கள் வீட்டு கேமராப் பதிவை எல்லோருக்கும் காட்டினார்கள், நானும் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. அலாரம் கத்தவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கு எரிய, வண்டி பின்னால் வந்து திரும்பிப் போகிறது. யாரோ வேலைக்குக் கிளம்புவதைப் பார்ப்பது போல இருந்தது. பறிகொடுத்தவர் இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்.

அந்த இரண்டு சாவிதான் என்னை இதை எழுதவைத்தது. என் உத்தியோக காலத்தில் வண்டி திருட்டு க்ளெய்ம் என்று யாராவது வந்தால், எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி. புத்தகம், வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் கொடுக்கும் சான்று, இவை எல்லாவற்றோடும் கம்பெனி கொடுத்த இரண்டு சாவியையும் மேஜைமேல் வைக்கச் சொல்வோம். ஒரு சாவி குறைந்தால் கேள்வி ஆரம்பிக்கும். வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா? டிரைவரிடம் கொடுத்தீர்களா? விற்றுவிட்டீர்களா? ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த இரண்டில் ஒன்று பளபளவென்று இருந்தது. ஐந்து வருட வண்டிக்குத் தேய்மானமே இல்லாத சாவி! "வீட்டுலயே வச்சிருந்தோம் சார்" என்றார். இருக்கலாம். ஆனால் அதன் ஓரத்தில் சாவி வெட்டும் கடையின் அரம் போட்ட கோடு தெரிந்தது. சாவி அப்படிப் பேசும். அதன் பல், தேய்வு, துரு எல்லாவற்றையும் படித்துத்தான் நாங்கள் பிழைத்தோம்.

இப்போது இரண்டு சாவியும் வீட்டில் இருக்கிறது, வண்டி மட்டும் இல்லை. சாவி உரிமையாளர் கையில் இருந்தால் வண்டியும் அவர் வசம் என்பது நூறு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தை உடைத்துவிட்டு, அதற்குப் பதில் நமக்குக் கொடுத்தது என்ன? பையில் கைவிடும் இரண்டு விநாடி.

இதை நான் மேஜையில் சொன்னபோது மகள் விடவில்லை. "அப்பா, நீங்க இங்க ஜனவரியில இருந்ததில்ல" என்றாள். மைனஸ் இருபது டிகிரி, தடித்த கையுறை, ஒரு இடுப்பில் குழந்தை, மறு கையில் மளிகைப் பை, காலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஐஸ். அந்த நேரத்தில் பையைத் துழாவிச் சாவி எடுப்பது இரண்டு விநாடி இல்லை, அது ஒரு அவஸ்தை என்றாள். நியாயம்தான். என் வயதில் கைவிரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி.

ஆனால் நன்றாக விசாரித்துப் பார்த்ததில், குளிருக்கு உண்மையில் இவர்கள் நம்பியிருப்பது வேறொன்று. வீட்டுக்குள்ளிருந்தே சாவியில் உள்ள பொத்தானை அமுக்கி இஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் வண்டியைச் சூடாக்கிக்கொள்வது. அது நாம் அமுக்கினால் மட்டும் நடக்கும். யாரும் அமுக்காமலேயே, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் சாவி பதில் சொல்வதுதான் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே வசதியாக விற்றுவிட்டார்கள். கதவைத் திறக்கவும் சாவியில் ஒரு பொத்தான் இருக்கிறது, கையுறையோடு அமுக்கலாம். மகளிடம் இதைச் சொன்னேன். "டெமோ காட்டுங்க, டிசம்பர்ல" என்றாள். நான் நவம்பரில் ஊர் திரும்புகிறேன்.

சரி, சாவியை அலை புகாத உலோகத் துணிப் பையில் போட்டுவிட்டால் போதாதா? போடத்தான் வேண்டும், விலையும் அதிகமில்லை. ஆனால் அது ஒரு வாசலை மட்டும் அடைக்கிறது. இரண்டாவது வாசல், மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரைச் செருகும் துளை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடியை உடைத்து உள்ளே போய், அங்கே ஒரு கருவியைச் செருகி, புதுச் சாவி ஒன்றை அந்த வண்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது இன்னும் விசித்திரம். 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா ராவ்4 திருடுபோனது. அவர் தொழிலே வாகன மின்னணுப் பாதுகாப்பு ஆராய்ச்சி! திருடர்கள் ஆள் தெரியாமல் வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே அவர் வண்டியின் முன்பக்க பம்பரைக் கழற்றி விளக்கு ஒயரை யாரோ பிடுங்கியிருந்ததை வைத்து அவர் துப்புத் துலக்கினார். முன்விளக்குக்குப் போகும் ஒயர் வழியாகவே வண்டியின் உள்தொடர்புக்குள் நுழைந்து, "சாவி சரியாக இருக்கிறது, திற" என்று பொய்ச் செய்தி அனுப்பும் கருவி அது. பார்வைக்குச் சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர். கென் டிண்டெல் என்ற பொறியாளரோடு சேர்ந்து 2023-ல் அதை விளக்கி வெளியிட்டார். அங்கே சாவி எந்தப் பையில் இருந்தால் என்ன?

கனடாவில் இது சின்ன விஷயமாக இல்லை. 2023-ல் மட்டும் வாகனத் திருட்டுக்காக இங்கே இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கொடுத்த தொகை 150 கோடி டாலர். நீதி அமைச்சருக்கென்று அரசு கொடுத்த வண்டியே ஒரு தடவைக்கு மேல் போயிருக்கிறது. திருடிய வண்டிகள் கன்டெய்னரில் ஏறி மாண்ட்ரியல் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் போகின்றன. 2024 பிப்ரவரியில் இதற்காகவே ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டினார்கள். அதன்பின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனாலும் தெருவில் யாரும் நிம்மதியாக இல்லை.

இதில் எனக்குப் பதில் தெரியாமல் நான் பல ராத்திரி யோசித்த இடம் ஒன்று உண்டு. 2024-ல் டொரோண்டோ போலீஸ்காரர் ஒருவர், குடியிருப்பவர்கள் கூட்டத்தில், கார் சாவியை முன்வாசல் கதவருகேயே வைத்துவிடுங்கள் என்றார். திருடர்கள் சாவிக்காக வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள், சிலரிடம் துப்பாக்கி இருக்கிறது, அவர்கள் சாவியைத் தேடி மாடி ஏறாமல் இருக்கட்டும் என்று அவர் எண்ணம். நாடெங்கும் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியைப் பூட்டப் பூட்ட, திருடனுக்குச் சாவியே தேவைப்படுகிறது. சாவி இருப்பது பேத்தி தூங்கும் வீட்டில். அப்படிப் பார்த்தால், சத்தமில்லாமல் வந்து வண்டியை எடுத்துப் போகிறவன் எவ்வளவோ மேல் என்றுகூடத் தோன்றுகிறது.

மாப்பிள்ளையும் இதையே கேட்டார். "அப்போ பூட்டாமலே விட்டுடலாமா மாமா?"

இல்லை என்றேன். வீட்டுக்குள் வருகிறவன் அபூர்வம், வாசலில் வருகிறவன் சர்வசாதாரணம். அபூர்வத்துக்குப் பயந்து சர்வசாதாரணத்துக்குக் கதவு திறந்துவைக்க முடியாது. அதே சமயம், எந்தப் பூட்டுப் போட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சட்டம் இருக்க வேண்டும். யாராவது நேரில் வந்து கேட்டால் சாவியைக் கொடு, ரகசிய எண்ணையும் சொல்லு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதே. அது இரும்பு, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. முப்பத்துநாலு வருடம் பணம் கொடுக்க மூக்கால் அழுத இலாகாவிலிருந்து வந்தவன் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் பழைய வண்டிக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. புது வண்டிகள் சிலவற்றில் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அலை போய்வரும் நேரத்தை வைத்தே அளக்கிறார்கள். அங்கே வாசலில் பை பிடித்து நிற்பவன் பாச்சா பலிக்காது. சில கம்பெனிச் சாவிகள் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும். எட்டு வருட வண்டியில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்து, அந்த வண்டிக்கு எத்தனை சாவி தெரியும்? விற்பவர் இரண்டு கொடுப்பார். முன்னால் இருந்தவர் ஒன்று தொலைத்திருப்பார், அவர் தம்பியிடம் ஒன்று இருக்கும், பட்டறையில் ஒன்று செய்திருப்பார்கள். டீலரிடம் கொண்டுபோய், வண்டியின் நினைவிலிருக்கும் எல்லாச் சாவியையும் அழித்து, நம் கையில் இருப்பதை மட்டும் திரும்பப் பதியச் சொல்ல வேண்டும். ஊரில் பழைய வீடு வாங்கினால் முதல் வேலை பூட்டை மாற்றுவது இல்லையா, அதே வேலைதான்.

இன்னொன்று, அந்த வண்டியே திருட்டு வண்டியாக இருந்துவிடக் கூடாது. சேஸிஸ் நம்பரை மாற்றி, பத்திரம் செய்து, அப்பாவிக்கு விற்றுவிடுவதும் இங்கே நடக்கிறது. ஒன்டாரியோவில் தனியார் ஒருவர் பழைய வண்டி விற்றால், முந்திய உரிமையாளர்களும் அடமானமும் அடங்கிய அரசுத் தகவல் தொகுப்பை வாங்கிக் கொடுத்தாக வேண்டும். அதைப் படியுங்கள். நம்பரை டாஷ்போர்டில் மட்டும் பார்க்காமல் கதவுத் தூணிலும் பாருங்கள். நான் குனிந்து பார்த்தபோது ஒரு விற்பனையாளர் "அங்கிள், எல்லாம் கிளீன்" என்றார். தமிழ்ப் பையன்தான். "பார்த்துட்டே சொல்றேன் தம்பி" என்றேன்.

எண்பதுகளில் பத்மினிக்கு மதுரையில் என் மெக்கானிக் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். டாஷ்போர்டுக்கு அடியில், விரல் மட்டும் அறியும் இடத்தில். அதை அணைத்தால் காயிலுக்குக் கரன்ட் போகாது; ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி கிளம்பாது. செலவு சொற்பம். சாவியே இல்லாமல் இரண்டு ஒயரை முறுக்கிக் கிளப்பத் தெரிந்தவனும் அங்கே தோற்பான். அதே தத்துவம் இப்போதும் கிடைக்கிறது. ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களை நாம் வைத்த வரிசையில் அமுக்கினால் மட்டும் கிளம்பவிடும் கருவி. டாட்ஜ் கம்பெனி 2021-ல் தன் சார்ஜர், சேலஞ்சர் கார்களுக்கே இப்படி ஒரு மாற்றம் அறிவித்தது. நாலு இலக்க எண்ணைத் தட்டாவிட்டால் அந்த அசுர இஞ்சின் சுமார் மூன்று குதிரைசக்திதான் கொடுக்கும். மொபெட் அளவு! படித்தபோது தனியாகச் சிரித்தேன். செய்ய முடியும், மனசு வைத்தால் ஒரு சாஃப்ட்வேர் மாற்றத்தில் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், பழியை வாங்குகிறவன் தலையில் மட்டும் போடாதீர்கள். கனடாவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இம்மொபிலைசர் கட்டாயம். நல்ல விதி. ஆனால் சாவியைத் துளையில் போட்டுத் திருகிய காலத்தின் விதி அது. கார்கள் பொத்தானுக்கு மாறின பிறகு விதியும் கூடவே மாறியிருக்க வேண்டும். தானாகத் திறக்கும் ஏற்பாட்டை அணைத்த நிலையிலேயே வண்டியைக் கொடுங்கள். வேண்டும் என்கிறவர் போட்டுக்கொள்ளட்டும். இப்போது தலைகீழாக இருக்கிறது. எஸ்.ஆர்.டி.யில் கதவு தானாகத் திறப்பதைத் திரையில் தேடிப்பிடித்து அணைக்கலாம். அந்த மெனுவைக் கண்டுபிடிக்க விற்பனையாளருக்கே நேரம் பிடித்தது. பொத்தான் ஸ்டார்ட்டை அணைக்கவே வழியில்லை.

என் கணக்கு இதுதான் என்று மாப்பிள்ளைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சாவிகளை அழித்துப் பதியும் கூலி, ரகசியக் கருவி, ஸ்டியரிங்கைப் பூட்டும் மஞ்சள் கம்பி, இருக்கிற இடத்தைச் சொல்லும் டிராக்கர். திருடர்கள் விரும்பும் மாடல்களுக்கு டிராக்கர் இல்லாவிட்டால் சில இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வருடம் 500 டாலர்வரை கூடுதலாகக் கேட்கின்றன. இத்தனையும் கூட்டி விலையில் கழிக்கச் சொல்லுங்கள் என்றேன். விற்பவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "சாவியில்லாமத் திறக்கிறது வண்டியோட பிளஸ் பாயின்ட், அதுக்கு எப்படி சார் கழிக்கிறது?" என்றார். பாதித் தொகைக்கு இறங்கிவந்திருக்கிறார்.

மாப்பிள்ளை மூன்று இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கு எழுதிப் போட்டதில் ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பது. எல்லா வீட்டையும் போல இங்கேயும் கார்கள் வெளியே பனியில் நிற்கின்றன. கராஜுக்குள் பேத்தியின் சைக்கிள், பனி தள்ளும் இயந்திரம், யாரும் உட்காராத ஒரு சோபா, பிரிக்காத பதினொரு அட்டைப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை அதை ஒழிக்கப்போகிறோம். சோபாவை யாருக்குக் கொடுப்பது என்று மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.